பாடகருக்குரிய பங்கு

(நம் ஆலயப் பொன்விழாவை முன்னிட்டு, பாடற்குழுவினரையும் இசைக் கலைஞர்களையும் பாராட்ட நடைபெற்ற கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலயத்திற்கு வயது ஐம்பது. நிலம் கொடுத்தவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், பீடத்திற்குப் பளிங்குக்கல் பதித்தவர் யார் என்பதையெல்லாம் சுவரிலே கல்வெட்டாகப் படித்துக்கொள்ளலாம். நன்றி மறவாத மக்கள் நாம். ஆனால், இந்த ஐம்பது ஆண்டுகளாக நம்மைப் பாட வைத்தவர்கள் யார்? முதன்முதலாக இங்கே ஆர்மோனியம் வாசித்தவர் யார்? உயிர்ப்புப் பெருவிழா இரவில், விளக்குகள் எல்லாம் எரிய, மணிகள் முழங்க, வானவர் கீதத்தைத் தொடங்கி வைத்த விரல்கள் யாருடையவை? அதைச் சுவரிலுள்ள எந்தக் கல்லும் சொல்லவில்லை.

ஆகவே இன்று இவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லது. ஆனால், பொன்னாடை போர்த்துவது எளிது. அதைவிடச் சற்றுக் கடினமான ஒன்றைப் பேச வேண்டுமென்று நினைக்கிறோம். இசைக் கலைஞனின் கலையைப் பற்றி அல்ல. அவன் வீட்டு அடுப்பைப் பற்றி.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகன் பதினோரு வயதிலிருந்து நம் கோவிலில் கீபோர்டு வாசிக்கிறவன். படிப்பை முடித்துவிட்டு, இனி இசையை வைத்தே பிழைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பான். மாசச் சம்பளம் இல்லாதவனுக்கு யார் சாமி பொண்ணு கொடுப்பா?" என்று அழுதார். பையனைக் கூப்பிட்டோம். புத்தி சொல்வதற்கு எல்லாம் தயாராகவே வைத்திருந்தோம். அவன் பணிவோடு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சாமி, கோவில்ல வாசிச்சப்ப இது கடவுள் கொடுத்த வரம்னு சொன்னீங்க. இதையே தொழிலா வெச்சுக்கிறேன்னா ஏன் எல்லாரும் பயப்படுறீங்க?"

நம்மிடம் பதில் இல்லை. "நாளை வா" என்று அனுப்பிவிட்டோம். அந்த இரவு சிந்தித்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பழைய ஏற்பாட்டில் நெகேமியா ஆகமத்தின் இறுதி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நெகேமியா சில காலம் வெளியே போயிருந்துவிட்டு எருசலேமுக்குத் திரும்பி வருகிறார். ஆலயம் பாழடைந்தாற்போல் கிடக்கிறது. என்ன காரணம் என்று விசாரிக்கிறார். லேவியருக்கும் பாடகருக்கும் கொடுக்க வேண்டிய பங்கை யாரும் கொடுக்கவில்லை. வயிறு கேட்குமா? அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா பாடகர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கம் வைக்கவில்லை. அதிகாரிகளைத்தான் கண்டித்தார். பாடகரைத் திரும்ப அழைத்து, அவரவர் இடத்தில் நிறுத்தி, பங்கை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்க நம்பிக்கையான ஆட்களைப் பண்டகசாலைக்குப் பொறுப்பாக வைத்தார். பாட்டு நின்றுபோனதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, கணக்குக் குறைவு என்று கண்டுபிடித்தவர் நெகேமியா.

இனி, நம் காலத்திற்கு அருகில் உள்ள ஒரு வரலாற்றைப் பார்ப்போம். கோவாவைச் சொல்கிறோம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்திறங்கிய மண் அது; அதே ஆண்டில்தான் அவர் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்தார். தெருத் தெருவாகச் சிறுமணியை அடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி, மறைக்கல்வியைப் பாட்டாகவே பாட வைத்தவர் அவர். பின்னாளில் கோவாவின் பங்குக் கோவில்களை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் தோன்றின. அங்கே 'மெஸ்த்ரே' என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் பிள்ளைகளுக்குச் செபங்களோடு சேர்த்து சுரம் வாசிக்கவும், வயலின் பிடிக்கவும் கற்றுக் கொடுத்தார். ஏழைக் குடியானவன் பிள்ளைக்கும் இசைக் குறியீட்டைப் பார்த்தவுடனே வாசிக்கத் தெரிந்தது. கோவில் பாட்டுக்காக அளித்த பயிற்சி அது. ஆனால், அதுவே தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலாக ஆகிவிட்டது.

கோவாவில் நிலம் குறைவு, வேலை குறைவு. வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பம்பாய்க்குப் போனார்கள். பட்டாளத்துப் பேண்டு, சமஸ்தானத்துப் பேண்டு, கப்பல், ஓட்டல், மௌனப் பட அரங்கு, எங்கே வேலையோ அங்கே வாசித்தார்கள். பம்பாயில் அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய 'கூட்' என்னும் விடுதிகள் இருந்தன. குறைந்த வாடகைக்கு ஒரு பாய் விரிக்க இடம். சுவரோரம் ஒரு பீடம். இரவானால் எல்லாரும் சேர்ந்து செபமாலை. பெட்டியும் பாயும் செபமாலையும்தான் அவர்களுடைய சொத்து.

அந்தப் பிழைப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1931இல் 'ஆலம் ஆரா' வெளியாகிப் பேசும் படம் வந்தது. மௌனப் படத்திற்கு அரங்கிலே அமர்ந்து வாசித்தவர்களின் வேலை போயிற்று. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பிறகு இரவு விடுதிகள் பல களையிழந்தன. அங்கே வாசித்தவர்களும் வேறு வழி தேடினார்கள். பலர் திரைப்படப் பாடல் பதிவுகளுக்குப் போனார்கள். அங்கும் முதலில் சில நிறுவனங்களில் மாதச் சம்பளம் இருந்தது; அந்த முறை மறைந்தபின், கூப்பிட்ட நாளுக்கு மட்டும் கூலி என்றாயிற்று. ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிக்க, ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டிய காலம் அது. இசையமைப்பாளர் மெட்டைச் சொல்லுவார். அதை ஐம்பது வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதிக் கொடுப்பவர் கோவாவிலிருந்து வந்த ஒருவராக இருப்பார். 1947க்கு முன் லாகூர் ஓட்டலில் பேண்டு நடத்திவிட்டு, பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்த செபாஸ்டியன் டிசூசா அப்படிப்பட்டவர். சங்கர்–ஜெய்கிஷன் பாடல்களுக்கு நீண்ட காலம் வாத்திய இசையை எழுதியவர் அவரே. பாட்டைக் கேட்ட கோடிப் பேரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மஜோர்தா என்னும் கோவா கிராமத்தில் 1927இல் பிறந்த அந்தோணி கொன்சால்வஸ் இன்னொருவர். அவருடைய தந்தை அவ்வூர்க் கோவிலின் பாடற்குழுத் தலைவர். மகன் 1943இல் பம்பாய் வந்து, இசையமைப்பாளர் நௌஷாத் குழுவில் வயலின் வாசித்தார். பலருக்கு வயலின் கற்பித்தார். அவரிடம் கற்ற பியாரேலால் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரானார். 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படப்பாடல் ஒன்றில் ஆசிரியரின் பெயர் ஒலிப்பது அந்த மாணவரின் நன்றிக்கடன். பெயர் நாடெங்கும் ஒலித்தது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. 2012இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம் சென்னையிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் படக் கம்பெனிகளில் மாதச் சம்பளத்திற்கு இசைக்குழு இருந்தது. பிறகு 'கால்ஷீட்' கணக்கில் கூலி வந்தது. தனித்தனியாக நின்ற கலைஞர்களைச் சங்கமாகச் சேர்ப்பதில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் முன்நின்றார். 1980களின் நடுவிலிருந்து மின்னணு வாத்தியங்கள் பரவின. இருபது வயலின் இருந்த இடத்தில் ஒரு கீபோர்டு போதும் என்றாயிற்று. ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. இசைக் கலைஞனுக்கு வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. கையிலிருக்கும் கருவியே அவனுக்கு எல்லாம்.

இப்போது நம் பங்குக்கு வருவோம்.

இங்கே அமர்ந்திருக்கும் கலைஞர்களின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? நாம் கேட்டோம். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நாம் திருமணம் வைப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நம் இந்துச் சகோதரர்கள் வைப்பதில்லை. நமக்கு அவை தவமும் நோன்புமான காலங்கள். கல்யாண வீட்டை நம்பி வாசிப்பவருக்கு வருமானம் இல்லாத மாதங்கள். ஆடியில் அம்மன் கோவில் திருவிழாக் கச்சேரிகள் வந்து கைகொடுக்கின்றன என்று ஒருவர் சொன்னார். முகூர்த்த நாளிலோ ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிடுவார்கள். ஓரிடத்துக்குத்தான் போக முடியும். இரவு எட்டு மணிக் கச்சேரிக்குப் பகல் மூன்று மணிக்கே வண்டி ஏறி, விடியற்காலை வீடு வந்து சேர வேண்டும். பேசிய தொகையில் வண்டி வாடகை கழியும், ஒலிபெருக்கிக்காரர் பங்கு கழியும். மீதியைப் பத்து பேர் பகிர வேண்டும். அதிலும், "பிறகு வாங்கிக்கொள்" என்று சொல்லும் கல்யாண வீடுகள் உண்டு. இப்போது பல திருமணங்களில் வாத்திய இசையை முன்பே பதிவுசெய்து கொண்டுவந்து, ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் பாடுகிறார்கள். ஆறு பேருக்கு இருந்த வேலை ஒருவருக்கு ஆயிற்று.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. ஆலயம் பூட்டியிருந்தது. திருமணம் இல்லை, திருவிழா இல்லை, கச்சேரி இல்லை. ஒரு மாலை, பொழுது சாய்ந்தபின், நம் பங்கின் தபேலாக் கலைஞர் ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார். அரிசி கேட்டு வரவில்லை. தபேலாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "சாமி, இதைக் கோவிலுக்கு எடுத்துக்கிட்டு ஏதாச்சும் கொடுங்க. வெளிய வித்துட்டா திரும்பக் கிடைக்காது. இங்க இருந்தா ஞாயித்துக்கிழமையாவது தொடலாம்" என்றார். நாம் என்ன செய்தோம்? அரிசிப் பை ஒன்றைக் கொடுத்தோம். "பங்குப் பணத்தில் இப்போது வாங்க முடியாது, செபம் செய்வோம்" என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாளில் அந்தத் தபேலா கைமாறிவிட்டது. இன்று அவர் ஒரு துணிக்கடையில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். இரண்டாம் பூசைக்குத் தபேலா ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்: இரவெல்லாம் விழித்த மனிதர் அந்நேரம் தூங்குகிறார். நெகேமியா சொல்லும் பாடகர் தம் வயலுக்குப் போய்விட்டார். அவரைப் போக விட்டவர்கள் நாம்.

அதன்பின் நம் திருவிழாக் கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். சப்பர அலங்காரம், மின்விளக்கு, வாணவேடிக்கை, பந்தல், ஒலிபெருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. இசைக்குழுவினர் என்ற தலைப்புக்கு எதிரே பல ஆண்டுகள் எழுதியிருப்பது: சிற்றுண்டி. அடியில் இருப்பது நம் கையெழுத்து. பூக்காரரிடம், "ஆண்டவருக்குத்தானே, சும்மா கொடு" என்று நாம் சொல்வதில்லை. மின்விளக்குக்காரரிடமும் சொல்வதில்லை. வாசிப்பவரிடம் மட்டும் சொல்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாடற்குழுவில் நம் பிள்ளைகளும் தாய்மாரும் பாடுவது அவர்கள் மனமுவந்து தரும் காணிக்கை. அதற்கு விலை பேசினால் அதன் அழகே போய்விடும். ஆனால், இசையே பிழைப்பாக உள்ளவர் வேறு. அவர் ஒரு ஞாயிறு நமக்காக வாசிக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். அவரும் காணிக்கையாகத் தரலாம், பலர் தந்திருக்கிறார்கள். ஆனால், காணிக்கை என்று சொல்ல வேண்டியவர் கொடுப்பவர். வாங்குகிற நாம் அல்ல.

திருச்சபையின் போதனையும் இதுவே. உழைப்பவன் கூலிக்கு உரியவன் என்ற பாடத்தை ஆண்டவரே தம் சீடரை அனுப்பும்போது கற்பித்தார். தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் போதுமான ஊதியம் நீதிப்படி உரியது என்பதைத் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் உலகுக்கு எடுத்துரைத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையின் இசை மரபைப் பெருஞ்செல்வமாகப் போற்றியது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் எண், திருச்சபையின் தனிப்பட்ட பணியில் ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. இவையெல்லாம் குருமடத்தில் படித்துத் தேர்வு எழுதியவைதாம். ஆனால், கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

இனி, இத்தொழிலுக்கு வர விரும்பும் நம் இளைஞருக்கும் சில வார்த்தைகள். உரிமை பேசுகிற வாய், கடமையையும் பேச வேண்டும்.

பவுலடியார் கொரிந்து நகரில் கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே நற்செய்தி அறிவித்தார். பக்கத்தில் ஒரு கைத்தொழில் இருப்பது இசைக்கு அவமானம் அல்ல. பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்பிப்பது மிக நல்ல கைத்தொழில். கச்சேரி இல்லாத மாதத்திலும் கட்டணம் வரும். காதால் மட்டும் வாசித்தது போதும் என்றிராமல் இசைக் குறியீட்டை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கோவாப் பிள்ளைகளுக்குப் பம்பாயில் கதவைத் திறந்தது அதுதான். எந்த வேலையானாலும் தொகை, நேரம், வண்டிச் செலவு மூன்றையும் முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி, முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தில் வரும் பணம் அந்த மாதத்துப் பணமல்ல. பாதி தவக்காலத்தினுடையது என்று எண்ணிப் பிரித்து வையுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். கச்சேரி முடிந்ததும் கூடும் மதுக் கூட்டத்துக்கு விலகி நில்லுங்கள். திறமை குறைவால் கெட்டவர்களைவிட அதனால் கெட்ட கலைஞர்கள் அதிகம். தனியாக நிற்காதீர்கள், சங்கத்தில் சேருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசின் நல வாரியம் இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு 2021இல் தொடங்கிய 'இ-ஷ்ரம்' பதிவு இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் பதிந்துகொள்ளுங்கள், விண்ணப்பம் நிரப்ப நம் பங்கு அலுவலகம் உதவி செய்யும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டோம், பயம் நியாயமானது. ஆனால், பிள்ளை பீடத்தின் பக்கத்தில் வாசிக்கும்போது பெருமைப்பட்டுவிட்டு, அதே பிள்ளை அதே விரலால் அரிசி வாங்க முனைந்தால் வெட்கப்படுவது நியாயமல்ல.

அந்தப் பையன் மறுநாள் வந்தான். மேற்சொன்ன நிபந்தனைகளையே அவனிடமும் சொன்னோம். ஓராண்டு முயன்று பார் என்றோம். வாரநாட்களில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறான். சனி ஞாயிறுகளில் திருமணங்களுக்குப் போகிறான். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி மாதந்தோறும் தாயிடம் காட்டுகிறான். சில மாதம் மிஞ்சுகிறது, சில மாதம் துண்டு விழுகிறது. தாய்க்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. நமக்கும் இல்லை. ஆனால், அவன் கேள்விக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது: நாங்கள் பயந்தது உன் தொழிலைக் கண்டு அல்ல, தம்பி, உன் தொழிலுக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு எவ்வளவு என்பது எங்களுக்கே தெரிந்திருந்ததால்.

ஆகையால், பங்குப் பேரவையோடு கலந்து மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். முதலாவது, இவ்வாண்டு முதல் திருவிழாக் கணக்கில் இசைக் கலைஞர் ஊதியம் என்று தனித் தலைப்பு இருக்கும்; வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையைவிட அது குறையாது. இரண்டாவது, ஜூன் மாதம் முதல் சனிக்கிழமைகளில் பங்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடக்கும். கற்பிப்பவர்கள் நம் பங்குக் கலைஞர்கள், அவர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் உண்டு. மூன்றாவது, கோவிலுக்கென்று ஒரு சோடித் தபேலா வாங்கியிருக்கிறோம். அது பீடத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. இரவுக் காவல் வேலை பார்க்கும் நம் சகோதரர் பகலில் எந்நேரம் வந்தாலும் அதைத் தொடலாம். பெட்டியின் சாவி அவரிடமே இருக்கும். காலம் கடந்து செய்த காரியம் என்பது தெரியும். அவர் மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னும் ஐம்பது ஆண்டில் இந்த ஆலயம் நூற்றாண்டு காணும். அன்று நாம் இருக்கமாட்டோம். அன்றைய உயிர்ப்பு இரவில் வானவர் கீதத்தை ஒரு பொத்தான் தொடங்கி வைக்குமா, அல்லது இந்தப் பங்கிலே பிறந்து, இங்கேயே கற்று, இதனாலேயே பிள்ளை குட்டிகளைக் காப்பாற்றிய ஒருவரின் விரல்கள் தொடங்கி வைக்குமா என்பது இன்று நாம் எழுதும் கணக்கில் இருக்கிறது.

இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியா உங்களுக்காக மன்றாடுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் கைகளையும் குரல்களையும் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.